பழைய பி.எஸ்.ஏ.வை ஓட வைப்பது எப்படி: காகிதத்தில் தொடங்கி பெயிண்டில் முடியும் வரிசை

செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கும் வீடுகளின் கார் செட்டுகளில் இன்னும் சில பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. அப்படி ஒன்று கைக்கு வந்ததும் புதிதாக இறங்குகிறவர்கள் செய்வது ஒன்றே: முதல் வாரமே நட்டு நட்டாகப் பிரித்து, டேங்கைப் பெயிண்டருக்கு அனுப்பிவிடுவது. பிறகு பளபளக்கும் டேங்க் ஒரு அறையில், எஞ்சின் வெளியூர் லேத்தில், பாதி நட்டுகள் போன இடம் தெரியாது. வேலை தெரியாமல் இப்படி ஆவதில்லை. வரிசை மாறியதால் ஆகிறது.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது பி.எஸ்.ஏ. எம்20. 496 சிசி, ஒற்றை சிலிண்டர், சைடு வால்வு (வால்வுகள் ஹெட்டில் இல்லாமல் சிலிண்டரின் பக்கத்தில் இருக்கும்), முன்னால் கர்டர் ஃபோர்க் (ஸ்பிரிங் வைத்த பழைய கால இரும்புச் சட்டம்), பின்னால் சஸ்பென்ஷனே கிடையாது (1951-க்கு முந்தைய வண்டி). உங்களுடையது நார்ட்டன் 16எச் ஆகவோ மேட்ச்லெஸ் ஜி3எல் ஆகவோ இருந்தால் அளவுகள் மாறும், வரிசை இதுவேதான்.

1. முதலில் காகிதம்

எஞ்சின் நம்பரையும் ஃபிரேம் நம்பரையும் துடைத்து, சுண்ணாம்புத் தூளைத் தடவிப் படியுங்கள். எழுத்து எழுத்தாக ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். கம்பி பிரஷ் போடலாம், உப்புத்தாள் கூடாது. நம்பர் மேல் தேய்த்த தடம் இருந்தாலே ஆர்.டி.ஓ. ஆபீஸில் சந்தேகம் வரும்.

வண்டி குடும்பச் சொத்தாக இருந்தால் இன்னொரு முடிச்சு உண்டு. ஆர்.சி. ஐயா (தாத்தா) பேரில் இருக்கும். ஐயா போய்ப் பல வருடம் ஆகியிருக்கும். வீட்டுக்கு எத்தனை பங்காளிகளோ வண்டிக்கும் அத்தனை பேர். இதற்குப் படிவம் 31. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் ஆகியவற்றை முதலிலேயே வாங்கிவிடுங்கள். துருப்பிடித்துக் கிடக்கும்போது “எடுத்துக்கப்பா” என்று சொல்லும் பங்காளி, வண்டி ஓட ஆரம்பித்த பிறகும் அதையே சொல்வார் என்று நம்ப வேண்டாம்.

50 வருடம் தாண்டிய வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்ய 2021-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வழி செய்தார்கள். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், 10 வருடம் செல்லும். சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தினசரி வேலைக்கு ஓட்ட முடியாது. இந்த வழியில் போவதா, சாதாரண ஆர்.சி.யைப் புதுப்பிப்பதா என்பதை இப்போதே முடிவு செய்தால்தான் வண்டியில் எதை மாற்றலாம் என்பது தெரியும்.

2. இடமும் ஸ்பேனரும்

வளவில் (வீட்டின் நடுமுற்றத்தில்) வைத்து வேலை பார்க்காதீர்கள். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் சிமெண்டில் செய்தது. ஆயில் சிந்தினால் உறிஞ்சிக்கொள்ளும், கறை போகாது. செட்டிலோ பின்கட்டிலோ பழைய ஃபிளெக்ஸ் பேனரை இரண்டாக மடித்து விரியுங்கள். கீழே விழும் சின்ன உருண்டையும் கண்ணில் படும்.

ஸ்பேனர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். இந்த வண்டிகளில் இருப்பது விட்வொர்த், பி.எஸ்.எஃப்., சைக்கிள் திரெட் என்ற பழைய பிரிட்டிஷ் நட்டு போல்ட் வகைகள். கால் இஞ்ச் விட்வொர்த் நட்டின் முகத்துக்கு முகம் 13.3 மி.மீ. அதில் 13 நம்பர் ஏறாது, 14 வழுக்கும். அந்த வழுக்கலில்தான் எழுபது எண்பது வருட நட்டு உருண்டையாகிறது. ஒரு விட்வொர்த் செட் வாங்கிவிட்டுத் தொடங்குங்கள். பழைய புல்லட் வேலை பார்த்த பட்டறைகளில் சைக்கிள் திரெட் வெட்டும் டேப்பும் டையும் பெட்டியடியில் கிடக்கும், கேட்டுப் பார்க்கலாம்.

இது தவிர ஃபீலர் கேஜ், வெர்னியர், பினியன் (சின்னப் பல்சக்கரம்) கழற்றும் புல்லர், கிரீஸ் கன், இந்த மாடலுக்கான சர்வீஸ் மேனுவலின் நகல். மேனுவலை அச்செடுத்துப் பட்டறையிலேயே வையுங்கள். கிரீஸ் கையோடு போனைத் தொட மாட்டீர்கள், அளவைப் பார்க்காமலே பூட்டிவிடுவீர்கள்.

3. யார் சொல்வதைக் கேட்பது

பழைய வண்டி நிற்கும் இடத்தில் யோசனை சொல்ல ஆள் கூடிவிடும். அது நல்லதுதான், இந்த வேலையைத் தனியாக முடித்தவர் குறைவு. ஆனால் சொல்பவர் எந்த எஞ்சினை வைத்துச் சொல்கிறார் என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

நம் பக்கம் அதிகம் கிடைப்பது புல்லட்காரர்களின் யோசனை. திரெட், பிரேக், வயரிங், சக்கரம் பற்றி அவர்கள் சொல்வது பெரும்பாலும் பொருந்தும். எஞ்சின் பற்றிச் சொல்வது பொருந்தாது. பழைய புல்லட்டுக்கு எஞ்சின் கேஸுக்குள்ளேயே ஆயில் அறை உண்டு; எம்20-க்குத் தனி ஆயில் டேங்க். புல்லட் பழக்கத்தில் எஞ்சினுக்குள் ஆயிலை ஊற்றிவிட்டுத் தனி டேங்கை மறந்த கதைகள் உண்டு. எஞ்சின், கியர்பாக்ஸ், பிரைமரி செயின் கேஸ் என்று மூன்றுக்கும் தனித்தனி ஆயில் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேட்கும்போது “சத்தம் வருதுண்ணே” என்று மட்டும் கேட்டால் பத்துப் பேரிடமிருந்து பத்துப் பதில் வரும். சூடான பிறகு வருகிறதா, ஆக்சிலரேட்டரை விடும்போது வருகிறதா, டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் டேப்பட்டுக்கும் நடுவே உள்ளது) எவ்வளவு வைத்தீர்கள் என்று சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால், அளவு விஷயத்தில் மேனுவல். பழுது விஷயத்தில், இதே எஞ்சினை வைத்து நெடுந்தூரம் ஓட்டியவர். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் பழைய ஹெட்லைட்டோ ஹாரனோ கிடைக்கலாம், தேடுங்கள். ஆனால் அது எந்த வண்டிக்குப் பொருந்தும் என்பதைக் கடைக்காரரிடம் கேட்காதீர்கள்.

4. பிரிக்கும் முன் ஓட வைத்துப் பார்ப்பது

பெரும்பாலோர் தாண்டிவிடும் படி இது. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் யார் வந்தாலும் முதலில் சொல்வது, “தம்பி, சத்தத்தைக் கேட்டுட்டுப் பிரி. பிரிச்சிட்டா அது பேசாது.” எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தால் எதைத் தொட வேண்டும், எதைத் தொடவே வேண்டாம் என்று பாதி தெரிந்துவிடும்.

உடனே கிக்கர் மேல் ஏறாதீர்கள். பிளக்கைக் கழற்றி, ஆயிலும் டீசலும் கலந்து சிலிண்டருக்குள் கொஞ்சம் விட்டு இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டுப் பின் சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். பிஸ்டன் பிடித்திருக்கும்போது கிக்கரை மிதித்தால் உடைவது கிக்கரின் பல். அசையவே இல்லையென்றால் ஹெட்டைத் தூக்கிப் பாருங்கள். சைடு வால்வு என்பதால் வால்வைத் தொடாமலே ஹெட் வந்துவிடும். பிஸ்டன் தலையும் இரண்டு வால்வும் கண்முன் தெரியும்.

எஞ்சின் சுற்றினால் அடுத்து அடிப் பிளக்கைத் திறந்து பழைய ஆயிலை முழுதும் வடியுங்கள். நின்ற வண்டியில் டேங்க் ஆயில் மெல்ல இறங்கி எஞ்சினுக்குள் தேங்கியிருக்கும். அதோடு ஸ்டார்ட் செய்தால் புகை மண்டலம்தான்.

புது ஆயில் ஊற்றுங்கள். நம் வெயிலுக்கு 50 கிரேடு சரி. உள்ளே பிரித்துச் சுத்தம் செய்யாத எஞ்சினுக்கு டிடர்ஜென்ட் கலக்காத ஆயிலே நல்லது. பல வருடம் அடியில் உறைந்த கசடை டிடர்ஜென்ட் கரைத்துக் கிளப்பும். ஆயில் வழியில் சல்லடையைத் தவிர ஃபில்டர் கிடையாது, கசடு நேரே பேரிங்கில் போய் உட்காரும்.

பெட்ரோல் டேங்கை இப்போது நம்ப வேண்டாம். குளுக்கோஸ் பாட்டிலில் பெட்ரோல் நிரப்பி, மேலே கட்டி, டியூபைக் கார்புரேட்டரில் சொருகுங்கள். பட்டறைகளில் வழக்கமாகச் செய்வதுதான். எஞ்சின் ஓடியதும் முதல் பார்வை ஆயில் டேங்க் மூடிக்குள். திரும்பும் ஆயில் விட்டுவிட்டுக் கொட்ட வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் வரவில்லையென்றால் உடனே நிறுத்துங்கள்.

வந்தால் தொடர்ந்து கேளுங்கள். குளிரில் வந்து சூடானதும் அடங்கும் தட்டல் பிஸ்டன். அடியிலிருந்து, பாரம் ஏற ஏறக் கனக்கும் டொக் டொக், பிக் எண்ட் (கனெக்டிங் ராடின் அடிப் பேரிங்). நீலப் புகை ஆயில், கரும்புகை பெட்ரோல் மிகுதி. எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். அந்தத் தாள்தான் உங்கள் வேலைப் பட்டியல்.

5. பிரிப்பது

ஒரு பகுதியை முழுதாகக் கழற்றி, டப்பாவில் போட்டு, பேரெழுதிய பிறகே அடுத்த பகுதி. பலகாரம் வரும் பிளாஸ்டிக் டப்பாக்கள் இதற்கு நன்றாக உதவும். முடிந்த இடத்தில் நட்டை அதன் போல்ட்டிலேயே திரும்பப் பூட்டிவையுங்கள். ஒரே மாதிரி தெரியும் இரண்டு நட்டில் ஒன்று பி.எஸ்.எஃப்., மற்றொன்று சைக்கிள் திரெட்டாக இருக்கும்; மாற்றி முறுக்கினால் இரண்டும் போச்சு. கழற்றும் முன் போட்டோ, கழற்றிய பின் ஒரு போட்டோ. கேபிள் எந்தப் பக்கமாக வளைந்து போனது என்பதற்கு இதைத் தவிர சாட்சி இல்லை.

6. எஞ்சின்

பிஸ்டன் கைக்கு வரும் முன் சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் போரிங்குக்குக் கொடுக்காதீர்கள். புதியவர்களுக்கு அதிகம் பணம் போவது இந்த இடத்தில். மூல போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 82 மி.மீ. “ஓவர்சைஸ் 20 தவ்” (ஒரு தவ் என்பது இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று வாய்ச்சொல்லில் போர் செய்துவிட்டு, பிறகு கிடைக்கும் பிஸ்டன் 40 தவ்வாக இருந்தால் மறுபடி செலவு. பிஸ்டனையும் ரிங்கையும் லேத்துக்காரர் கையில் கொடுத்து, பிஸ்டன் செய்தவர் சொன்ன இடைவெளியைத் தாளில் எழுதிக் கொடுங்கள். இரும்பு சைடு வால்வு எஞ்சின் அதிகம் சூடாகும். “டைட்டா இருந்தா நல்லது” என்று நம் லேத்துகளில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதைக் கேட்டால் முதல் நீண்ட ஓட்டத்திலேயே பிஸ்டன் பிடிக்கும்.

சிலிண்டரைத் தூக்கிய பிறகு கனெக்டிங் ராடைப் பிடித்து நேர் மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். ஆட்டமே இருக்கக் கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் நகர்வது இயல்பு, அதைப் பார்த்துப் பயந்து கிராங்க்கைத் திறக்க வேண்டாம். மேல்கீழ் ஆட்டம் இருந்தால் கிராங்க்கை வீட்டில் பிரிக்காமல், ஃபிளைவீலைச் சென்டர் பார்த்துச் சேர்க்கத் தெரிந்த இடத்துக்கு அனுப்புங்கள். சுத்தியல் வைத்துச் சரிசெய்கிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

டேப்பட் இடைவெளி குளிர்ந்த நிலையில் இன்லெட் 10 தவ், எக்ஸாஸ்ட் 12 தவ். அளக்கும் முன் ஹேண்டில்பாரில் உள்ள வால்வு லிஃப்டர் கேபிளில் தொய்வு இருக்கிறதா என்று பாருங்கள். கேபிள் இறுகியிருந்தால் எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் இல்லை என்று எஞ்சினையே திரும்பப் பிரிக்கத் தோன்றும். செம்பு ஹெட் கேஸ்கெட்டாக இருந்தால் செந்நிறமாகக் காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள். செம்பு மிருதுவாகி மறுபடி நன்றாகப் படியும்.

ஆயில் எஞ்சினுக்குள் இறங்குவதைத் தடுக்க வழியில் ஒரு குழாய்த் திறப்பு வைக்கச் சொல்வார்கள். நான் வைப்பதில்லை. ஒரு நாள் திறக்க மறந்தால் எஞ்சின் போய்விடும். பம்ப்பில் உள்ள உருண்டையும் அது உட்காரும் இடமும் சுத்தமாக இருந்தால் ஆயில் மெல்லத்தான் இறங்கும். மாதக்கணக்கில் நின்ற பிறகு அடிப் பிளக்கைத் திறந்து வடித்து, திரும்ப டேங்கில் ஊற்றினால் போதும்.

7. மேக்னெட்டோ

பிளக்குக்குப் பொறி தரும் மின்சாரத்தைத் தானே உண்டாக்குவது மேக்னெட்டோ. “மேக்னெட்டோவைத் தூக்கிப் போட்டுட்டு பேட்டரி காயில் போடு மாப்ள” என்பது அடிக்கடி கேட்கும் யோசனை. நல்ல மேக்னெட்டோவுக்குப் பேட்டரியே வேண்டாம், ரோட்டில் நிற்கவிடாது. காயில் போட்டால் 6 வோல்ட் டைனமோவுக்குச் சுமை கூடும். மேக்னெட்டோவைச் சரிசெய்வதற்கே என் ஓட்டு.

இதன் நோய் ஒரே மாதிரி. குளிரில் பொறி நன்றாக வரும். பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் சூடானதும் விட்டுவிட்டு அடித்து நிற்கும். ஆறினால் மறுபடி ஸ்டார்ட். பெரும்பாலும் ஆர்மெச்சருக்குள் (உள்ளே சுழலும் சுற்றுக் கம்பிப் பகுதி) இருக்கும் கன்டென்சர் கெட்டிருக்கும், இல்லையென்றால் சுற்றுக் கம்பியின் இன்சுலேஷன். பலரும் இதைக் கார்புரேட்டர் கோளாறு என்று நினைத்து ஜெட்டை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். வண்டி நின்றதும் அங்கேயே பிளக்கைக் கழற்றி ஹெட்டில் தொட வைத்துக் கிக்கரை மிதித்துப் பாருங்கள். பொறி இல்லையென்றால் கார்புரேட்டரை விட்டுவிடலாம்.

மேக்னெட்டோவும் டைனமோவும் சேர்ந்த லூகாஸ் மேக்டைனோவைத் திறக்கும்போது வரிசை தப்பக் கூடாது. முதலில் பிளக் வயர் வரும் பிக்கப்பைக் கழற்றுங்கள். அடுத்து எர்த் பிரஷ். மூன்றாவதாக, ஸ்லிப் ரிங் பக்கம் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் சேஃப்டி ஸ்குரூ. அதற்குப் பிறகே ஆர்மெச்சரை வெளியே இழுக்க வேண்டும். அந்த ஸ்குரூவை மறந்து இழுத்தால் ஸ்லிப் ரிங்கின் விளிம்பு உடையும். ஆர்மெச்சர் வெளியே வந்ததும் காந்த முனைகளின் குறுக்கே ஒரு மெல்லிரும்புத் துண்டை வையுங்கள். பழைய காந்தங்கள் சும்மா இருந்தால் பலம் குறையும். பினியனைக் கழற்ற புல்லர் மட்டும்தான், தட்டக் கூடாது.

பாயிண்ட் (திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் இணைப்பு) இடைவெளி 12 தவ். டைமிங் வைக்கும்போது, பொறி வரும் நேரத்தை முன்பின்னாக மாற்றும் ஹேண்டில்பார் லீவர் முழு அட்வான்ஸில் (பொறி முன்கூட்டி வரும் நிலையில்) இருக்க வேண்டும். பிஸ்டன் உச்சிக்கு 7/16 இஞ்ச், அதாவது சுமார் 11 மி.மீ. முன்னால் இருக்கும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். பாயிண்டுக்கு நடுவே மெல்லிய தாள் துண்டை வைத்து லேசாக இழுத்துக்கொண்டே இருங்கள். தாள் விடுபடும் நொடிதான் திறக்கும் நொடி. பிஸ்டனை எப்போதும் எஞ்சின் சுற்றும் திசையிலேயே கொண்டுவாருங்கள். தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னுக்குப் போய்த் திரும்ப வர வேண்டும், இல்லையென்றால் பல்சக்கர ஆட்டம் அளவில் சேர்ந்துகொள்ளும். லீவர் ரிடார்டில் (பொறி தாமதமாக வரும் நிலையில்) இருப்பதைப் பார்க்காமல் டைமிங் வைத்தால், அட்வான்ஸ் செய்ததும் எஞ்சின் இடிக்கும், கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும்.

8. டேங்க், கார்புரேட்டர்

துருவுக்குக் கடை ஆசிட் ஊற்றாதீர்கள். நல்ல தகட்டையும் தின்னும், கழுவிய மறுநாளே மறுபடி துரு பூக்கும். சலவை சோடா கரைத்த தண்ணீரை டேங்கில் நிரப்பி, பேட்டரி சார்ஜரின் நெகட்டிவை டேங்கிலும், பாசிட்டிவை உள்ளே தகட்டைத் தொடாமல் தொங்கும் பழைய இரும்புக் கம்பியிலும் கொடுங்கள். எவர்சில்வர் கம்பி கூடாது, நச்சுக் குரோமியம் கரையும். வெளிவரும் வாயு ஹைட்ரஜன் என்பதால் திறந்தவெளியில், பீடி சிகரெட் இல்லாமல். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் காரைக்குடியில் இதற்கு ஆசிட்டைத் தேடுவது கொஞ்சம் வேடிக்கைதான்.

இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய டேங்க் சீலரை அது கரைத்து உரிக்கும், ரப்பர் டியூபைக் கெடுக்கும், ஈரத்தை இழுத்துக் கார்புரேட்டரில் வெள்ளையாகப் பூக்கும். எத்தனால் தாங்கும் சீலரும் டியூபும் வாங்குங்கள். சில வாரம் ஓட்டாமல் வைப்பதென்றால் கார்புரேட்டரை வடித்துவிடுங்கள். எம்20-யின் கம்ப்ரஷன் 5-க்கும் கீழே என்பதால் ஆக்டேன் கவலை இல்லை. கலவை மெலிவதுதான் பிரச்சினை. பிளக் வெளுத்திருந்தால் மெயின் ஜெட்டை ஒரு படி ஏற்றுங்கள்.

9. ஃபோர்க், பிரேக், டயர்

கர்டர் ஃபோர்க்கில் ஸ்பிண்டிலும் புஷ்ஷும் தேய்ந்திருக்கும். புது புஷ் அடித்து, பக்கத்தில் உள்ள சொரசொரப்பான வாஷர்கள் விரலால் சுற்றும் அளவுக்கு இறுக்குங்கள். பிரேக் டிரம் தூசியை ஊதாதீர்கள், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், ஈரத்துணியால் துடையுங்கள். டயர் 3.25-19, பழைய புல்லட் அளவேதான், எங்கும் கிடைக்கும்.

10. பெயிண்ட் இல்லாமல் ஓட்டுவது

எல்லாவற்றையும் பிரைமரோடோ, துருவோடோ அப்படியே பூட்டி ஓட்டுங்கள். எங்கேயாவது துளை சரியில்லை, பிராக்கெட் இடிக்கிறது என்பதெல்லாம் இப்போதுதான் தெரியும். பெயிண்ட் அடித்த பிறகு தெரிந்தால் வெல்டிங் வைக்க மனம் வராது.

முதல் ஓட்டம் கோவிலூர் வரை போதும். வந்து ஆறியதும் ஹெட் போல்ட்டுகளைத் திரும்ப இறுக்குங்கள். அடுத்து குன்றக்குடி, பிள்ளையார்பட்டி. வேகம் 50-க்குள், ஒரே வேகத்தில் நீண்ட நேரம் வேண்டாம். முதல் 150 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றி, அடிச் சல்லடையைக் கழற்றிப் பாருங்கள். மினுக்கும் பொடி இயல்பு. துண்டாக வந்தால் நிறுத்துங்கள்.

11. பெயிண்ட்

தை முதல் பங்குனி வரை நல்ல காலம். ஆடிக் காற்றில் செம்மண் தூசி ஈரப் பெயிண்டில் ஒட்டும், ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் பெயிண்ட் பால் பூத்து மங்கும். ஃபிரேம் நம்பர் மேல் பட்டி பார்க்க வேண்டாம் என்று பெயிண்டரிடம் நேரில் சொல்லுங்கள், அந்த இடத்தில் டேப்பும் ஒட்டிக் கொடுங்கள். பவுடர் கோட்டிங் செய்வதென்றால் திரெட்டையும் பேரிங் உட்காரும் இடத்தையும் அடைத்துக் கொடுக்க வேண்டும். வயரிங் எர்த் தொடும் இடத்தில் மட்டும் பெயிண்டைச் சுரண்டிவிடுங்கள். பெயிண்ட் அடித்து வந்ததும் லைட் எரியவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது அதை.

12. உங்கள் ரசனைக்கு மாற்றுவது

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, வண்டியை ஆர்.சி.யில் உள்ள மூல விவரத்திலிருந்து மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. விண்டேஜ் பதிவு இன்னும் கடுமை. ஆகவே போல்ட்டில் பூட்டி, போல்ட்டில் கழற்றக்கூடியதை மட்டும் செய்யுங்கள். ஃபிரேமை அறுப்பது, மட்கார்டை வெட்டுவது, பின்னால் ஷாக் அப்சார்பர் வெல்டிங் வைப்பது எல்லாம் வேண்டாம்.

செய்யத் தகுந்தவை சில உண்டு. தேய்ந்த ஆமல் கார்புரேட்டரோடு போராடுவதற்குப் பதிலாக, அடாப்டர் செய்து புல்லட்டின் மிக்கார்ப் வி.எம்.24 போடலாம்; ஐட்லிங் உடனே நிதானமாகும். எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் வைத்தால் பழைய டைனமோவே 12 வோல்ட் தரும், சார்ஜ் பிடிக்க மட்டும் இன்னும் கொஞ்சம் வேகம் தேவைப்படும். எல்.இ.டி. பல்பு வாங்கும் முன் வண்டியில் பாசிட்டிவ் எர்த்தா நெகட்டிவ் எர்த்தா என்று பாருங்கள், மாறினால் எரியாது. ஹேண்டில்பாரை மாற்றுவதென்றால் முதலில் கேபிள் நீளத்தை அளங்கள். முழுதாகத் திருப்பும்போது ஆக்சிலரேட்டர் தானாக ஏறக் கூடாது.

கழற்றிய மூலப் பாகங்களை ஆயில் தடவி, பேரெழுதி, ஒரே பெட்டியில் வையுங்கள். ஆய்வுக்குப் போகும் நாளில் அவற்றையே திரும்பப் பூட்ட வேண்டியிருக்கும்.